வேலையை விட்டுவிடலாமா? – சகோதரருக்குப் பதில்

சகோதரரே, "உலகத்தில் அன்புகூராதிருங்கள்" என்று வாசித்த நாள்முதல் வேலையும் பிள்ளைகள்மேல் உள்ள பாசமும் பாவமாகத் தோன்றுகிறது, ராஜினாமா செய்துவிட்டு ஜெபத்திலேயே இருந்துவிடலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். தயவுசெய்து ராஜினாமா கடிதத்தை இப்போது கொடுத்துவிடாதீர்கள்.

நீங்கள் வாசித்தது வேதாகமத்தில் 1 யோவான் 2:15. அடுத்த வசனத்தையும் சேர்த்து வாசியுங்கள், உலகத்திலுள்ளவை எவை என்று அது சொல்கிறது: மாம்சத்தின் இச்சை, கண்களின் இச்சை, ஜீவனத்தின் பெருமை. பிள்ளைகள் அதில் இல்லை.

கொலோசே சபைக்கு அப்போஸ்தலன் பவுல் எழுதிய நிருபத்தின் 3-ஆம் அதிகாரம் இன்னும் தெளிவு. மேலானவைகளை, அதாவது பரலோகத்துக்குரியவைகளைத் தேடுங்கள் என்று தொடங்கும் பவுல், 18-ஆம் வசனத்தில் வீட்டுக்குள்ளேயே வந்துவிடுகிறார்: மனைவி, புருஷன், பிள்ளைகள், வேலைக்காரர். பிள்ளைகளைக் கோபமூட்டாதீர்கள் என்கிறார். எதைச் செய்தாலும் கர்த்தருக்கென்று மனப்பூர்வமாய்ச் செய்யுங்கள், சுதந்தரத்தின் (பரலோகத்தில் கிடைக்கும் உரிமைச் சொத்தின்) பலனை அவரிடத்தில் பெறுவீர்கள் என்கிறார். பரலோக நம்பிக்கைதான் அங்கே அன்றாட வேலையைத் தாங்கி நிற்கிறது. தெசலோனிக்கே சபையில் சிலர் வேலை செய்யாமல் திரிந்தபோது அவர் கண்டிக்கவே செய்தார் (2 தெச. 3:10-12).

உங்கள் பதிவில் என்னை உறுத்தியது வேறு ஒரு வரி: அடுத்த பதவி உயர்வை நினைத்தே தூக்கம் போகிறது என்பது. ஜெபத்தில் வைக்க வேண்டியது அதைத்தான். கூடவே, சம்பளத்தில் ஒரு பங்கைக் குறைச்சலில் இருக்கிறவருக்கு யாருக்கும் தெரியாமல் கொடுக்கத் தொடங்குங்கள் (1 யோவான் 3:17). பணத்தின்மேல் உள்ள பிடி தளர்வது உங்களுக்கே தெரியவரும். முதலில் மனைவியிடம் மனம்விட்டுப் பேசுங்கள், பிறகு போதகரிடம்.