கூலிமில் சில்லு, வாசலில் மின்கார்: பயனீட்டாளர் கேள்வி-பதில்

கேள்வி (புக்கிட் மெர்தாஜாம்): என் மின்கார் வாங்கி மூன்றாண்டுகள்கூட ஆகவில்லை. வீட்டில் மின்னூட்டம் ஏறுவது நின்றுவிட்டது. விரைவு நிலையத்தில் மட்டும் ஏறுகிறது. காருக்குள் இருக்கும் சார்ஜர் பழுது என்றும், மாற்றுப் பாகம் வெளிநாட்டிலிருந்து வர எட்டு வாரம் ஆகும் என்றும் சேவை மையத்தில் கூறுகிறார்கள். நான் தினமும் வேலைக்குப் போகும் கூலிமிலேயே மின்கார்களுக்கான சில்லுகளைச் செய்கிறார்கள். பக்கத்தில் செய்யும் பொருளுக்கு ஏன் இத்தனை வாரம்?

பதில்: முதலில் பழுதைப் பார்ப்போம். வீட்டுக்கு வருவது மாறுதிசை மின்சாரம்; மின்கலம் ஏற்பது நேர்திசை மின்சாரம். அந்த மாற்றத்தைச் செய்வதுதான் காருக்குள் இருக்கும் சார்ஜரின் வேலை. நெடுஞ்சாலை ஓய்விடங்களில் உள்ள விரைவு நிலையங்கள் அந்த மாற்றத்தைத் தம் பெட்டிக்குள்ளேயே முடித்து மின்கலத்துக்கு நேரே அனுப்பிவிடுவதால், காரின் சார்ஜருக்கு அங்கு வேலையே இல்லை. ஆகவே நீங்கள் சொல்லும் அறிகுறி சேவை மையத்தின் கணிப்போடு ஒத்துப்போகிறது. ஆனாலும் உங்கள் வீட்டுச் சுவரில் உள்ள சார்ஜரே பழுதாகியிருக்கவும் கூடும். பேரங்காடி வாகன நிறுத்துமிடத்தில் உள்ள சாதாரண மாறுதிசை நிலையம் ஒன்றில் ஒருமுறை செருகிப் பார்த்த பிறகு அந்தக் கணிப்பை ஒப்புக்கொள்ளுங்கள்.

இனி கூலிம். அங்குள்ள உயர்தொழில்நுட்பப் பூங்காவில் இன்ஃபினியோன் நிறுவனம் 2024 ஆகஸ்டு 8 அன்று திறந்த மூன்றாம் தொழிற்கூடம் 200 மில்லிமீட்டர் விட்டமுள்ள சிலிக்கான் கார்பைடு வேஃபர்களுக்கானது (சிலிக்கானும் கரியும் சேர்ந்த பொருளால் ஆன, சில்லுகளாக நறுக்கப்படும் மெல்லிய வட்டத் தகடுகள்); முதற்கட்ட முதலீடே 200 கோடி யூரோ. மின்கார்களில் மின்சாரத்தை மாற்றிக் கட்டுப்படுத்தும் சில்லுகளுக்கு இந்த வட்டாரத்தில் எழுந்த பெரிய தொழிற்கூடங்களுள் அது ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆனால், அங்கிருந்து வெளியே போவது உங்கள் காரில் பொருத்தும் பாகம் அன்று. வேஃபரை நறுக்கிச் சில்லாக்கி, உறையிட்டுச் சோதிக்க வேண்டும். அந்தச் சில்லுகளை வேறொரு நிறுவனம் மின்தேக்கிகள், சுருள்கள், சுற்றுப்பலகை, குளிர்திரவப் பாதை ஆகியவற்றோடு சேர்த்து நீர் புகாத ஒரு பெட்டியாக்கும். தாய்லாந்தில் டெல்டா எலக்ட்ரானிக்ஸ் செய்வது இப்படிப்பட்ட பெட்டிகளைத்தான். பிறகுதான் கார் நிறுவனம் அதில் தன் மென்பொருளை ஏற்றித் தன் பாக எண்ணைக் கொடுக்கிறது. அந்த எண் இல்லாத பெட்டியை உங்கள் கார் பெரும்பாலும் அடையாளம்கூடக் கண்டுகொள்ளாது. பால்மரத் தோட்டங்களில் வளர்ந்த தலைமுறைக்கு இது புதிய அனுபவம் அன்று; வீட்டுக்கு எதிரே பால் வெட்டினோம், டயரைப் பட்டணத்துக் கடையில்தான் விலை கொடுத்து வாங்கினோம்.

மேலும், இத்தகைய சில்லுகளில் பெரும்பகுதி நீண்ட கால ஒப்பந்தங்களின்படி கார் நிறுவனங்களுக்கும் அவற்றுக்குப் பாகம் செய்து தருபவர்களுக்கும் முன்கூட்டியே ஒதுக்கப்பட்டுவிடுகிறது. பிஒய்டி போன்ற சில நிறுவனங்கள் தமக்கான சில்லுகளில் பலவற்றைத் தாமே செய்துகொள்வதால், அவற்றின் கார்களுக்குக் கூலிம் அருகில் இருப்பதால் பெரிய பயன் எதுவும் இல்லை. அதே நிறுவனம் மோட்டார், மின்கலத்தின் நேர்திசை மின்சாரத்தை மோட்டாருக்கான மாறுதிசை மின்சாரமாக்கும் இன்வெர்ட்டர், சார்ஜர் உட்பட எட்டு உறுப்புகளை ஒரே தொகுதியாக இணைத்ததைப் பெருமையாக விளம்பரப்படுத்தியது. எடையும் தயாரிப்புச் செலவும் குறையும் என்பது உண்மைதான். ஆனால், அவற்றுள் ஒன்று கெட்டால் அதை மட்டும் கழற்றி மாற்ற முடியுமா, முழுத் தொகுதியையும் மாற்ற வேண்டுமா என்ற கேள்விக்கு விளம்பரத்தில் விடை கிடைக்காது. மின்கார் வாங்குமுன் விற்பனையாளரிடம் நான் முதலில் கேட்கச் சொல்வது இதைத்தான்.

உங்கள் உரிமைக்கு வருவோம். உத்தரவாதக் கையேட்டை எடுத்துப் பாருங்கள். எட்டாண்டு என்று பெரிய எழுத்தில் அச்சிடப்படுவது பெரும்பாலும் மின்கலத்துக்கு உரியது; உள் சார்ஜர் வாகனத்தின் பொது உத்தரவாதத்தில் அடங்குகிறதா, மோட்டார் அடங்கிய இயக்கத் தொகுதியின் உத்தரவாதத்தில் அடங்குகிறதா என்பது ஒவ்வொரு நிறுவனத்திலும் வேறுபடும். இரண்டில் எதுவானாலும், மூன்றாண்டு நிறைவடையாத உங்கள் கார் அதற்குள் இருக்க வாய்ப்பு அதிகம். அதற்கும் மேலாக, 1999ஆம் ஆண்டின் பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டப்படி, பொருளைச் செய்தவர் அதற்கான பழுதுபார்ப்பு வசதியும் உதிரிபாகங்களும் நியாயமான காலம்வரை கிடைக்கும்படி நடவடிக்கை எடுத்திருக்க வேண்டும். செய்தவருக்கு மலேசியாவில் அலுவலகம் இல்லையென்றால், இறக்குமதி செய்தவரையோ விநியோகித்தவரையோ சட்டம் அவ்விடத்தில் வைத்துப் பார்க்கிறது. கிடைக்காமலும் போகலாம் என்று வாங்கும்போதே உங்களிடம் தெரிவித்திருந்தால் மட்டும் இந்தக் கடப்பாட்டிலிருந்து அவர் விலகிக்கொள்ள முடியும். எனவே விற்பனை ஒப்பந்தத்தின் சிறிய எழுத்துகளையும் ஒருமுறை வாசியுங்கள்.

பாகம் எப்போது வரும் என்பதை எழுத்தில் கேளுங்கள். இந்த எட்டு வாரமும் விரைவு நிலையங்களில் நீங்கள் கூடுதலாகச் செலவிடும் பணத்துக்கான ரசீதுகளைச் சேர்த்து வையுங்கள். எதிர்பார்க்கக்கூடிய இழப்பு என்ற வகையில் அதையும் கோரலாம். சொன்ன நாள் தப்பினால் பயனீட்டாளர் தீர்ப்பாயத்தில் 5 ரிங்கிட் கட்டணத்தில் முறையீட்டைப் பதிவு செய்யலாம். 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கைகளை அது விசாரிக்கும். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. முறையீட்டை எழுதத் தடுமாற்றம் இருந்தால் பினாங்கு பயனீட்டாளர் சங்கத்தை அணுகுங்கள்.

கேள்வி (ஜெலுத்தோங்): ஒரே காரின் இரண்டு வகைகளைக் காட்டி, உயர்ந்த வகையில் சிலிக்கான் கார்பைடு இன்வெர்ட்டர் இருப்பதால் பல ஆயிரம் ரிங்கிட் கூடுதலாகக் கொடுப்பது தகும் என்கிறார் விற்பனையாளர். தகுமா?

பதில்: பொருள் உண்மையிலேயே நல்லது. சாதாரணச் சிலிக்கானைவிட ஏறத்தாழ பத்து மடங்கு வலிமையான மின்புலத்தைத் தாங்குவதால் சில்லை மெல்லியதாகச் செய்யலாம்; வெப்பமாக வீணாகும் மின்சாரம் குறையும். இந்தச் சேமிப்பு அதிவேகப் பயணத்தைவிட, பினாங்குப் பாலத்தில் காலை நெரிசலில் ஊர்ந்து போகும்போதுதான் விகிதத்தில் கூடுதலாகத் தெரியும். பழைய வகைச் சில்லில், மின்னோட்டம் குறைந்தாலும் குறையாத ஒரு நிலையான மின்னழுத்த இழப்பு உண்டு; புதியதில் அது இல்லை.

ஆனால் கணக்குப் போட்டுப் பாருங்கள். 100 கிலோமீட்டருக்கு 15 யூனிட் செலவாகும் காரில் 5 விழுக்காடு மிச்சமாகிறது என்று வைத்துக்கொள்வோம்; ஆண்டுக்கு 20,000 கிலோமீட்டர் ஓட்டினால் 150 யூனிட். யூனிட் 50 சென் என்றால் 75 ரிங்கிட். பல ஆயிரம் ரிங்கிட்டை அந்தச் சேமிப்பால் ஈடுகட்ட வாழ்நாள் போதாது. காரின் மின்கல அமைப்பு 800 வோல்ட்டில் இயங்கி, நீங்கள் அடிக்கடி கோலாலம்பூருக்கோ ஜொகூருக்கோ ஓட்டுபவராக இருந்தால் விரைவு மின்னூட்டத்துக்காக அந்த வகையைக் கருதலாம். தீவுக்குள்ளேயே ஓடும் 400 வோல்ட் கார் என்றால், அந்தப் பணத்தைப் பெரிய மின்கலத்துக்குக் கொடுப்பேன்.

கேள்வி (பட்டர்வொர்த்): வட்டாரத்திலேயே தயாரிப்பு பெருகுவதால் விலை இறங்கும் என்று இன்னும் ஓராண்டு காத்திருக்கலாமா?

பதில்: சில்லுக்காகக் காத்திருக்க வேண்டாம். மின்காரின் விலையைப் பெரிதும் முடிவு செய்பவை மின்கலமும் வரியும்தான்; இன்வெர்ட்டர் சில்லுகள் பாதி விலைக்கு வந்தாலும் காட்சியகத்தில் உள்ள விலைச்சீட்டு பெரிதாக மாறிவிடாது. முழுமையாக இறக்குமதி செய்யப்பட்ட மின்கார்களுக்கான இறக்குமதி, கலால் வரிவிலக்கு 2025 டிசம்பர் 31 வரையிலும், உள்நாட்டில் பொருத்தப்படுவனவற்றுக்கு 2027 டிசம்பர் 31 வரையிலும் என்று அரசாங்கம் அறிவித்தது. நீங்கள் பார்த்து வைத்திருக்கும் கார் இந்த இரண்டில் எந்த வகை என்பதுதான் உங்கள் முடிவுக்கு உதவும்.

கேள்வி (பாயான் லெப்பாஸ்): வீட்டுக்கு 22 கிலோவாட் சார்ஜர் வாங்கினால் நேரம் மிச்சமாகுமா?

பதில்: உங்கள் காரின் உள் சார்ஜர் எவ்வளவு ஏற்குமோ அவ்வளவுதான் ஏறும். பல கார்கள் 7 அல்லது 11 கிலோவாட்டோடு நின்றுவிடும். ஒற்றைக் கட்ட (சிங்கிள் பேஸ்) மின்இணைப்புள்ள வீட்டில் 32 ஆம்பியரில் 7.4 கிலோவாட் கிடைக்கும். இரவு எட்டு மணி நேரத்தில் 60 யூனிட்டுக்கு அருகே ஏறிவிடும் என்பதால் பெரும்பாலோருக்கு அதுவே போதும். மிச்சமாகும் பணத்தில் நேர்திசைக் கசிவைக் கண்டறியும் துண்டிப்பானையும், நம் ஊர் இடிமழைக்கு மின்னெழுச்சிக் காப்பானையும் பதிவுபெற்ற மின்பணியாளரைக் கொண்டு பொருத்திக்கொள்ளுங்கள். ரசீது உங்கள் பெயரில் இருக்கட்டும். மின்கார் மின்னூட்ட வசதிக்கான 2,500 ரிங்கிட் வரையிலான வருமான வரிக்கழிவு 2027ஆம் மதிப்பீட்டு ஆண்டு வரை உண்டு.