நிலப்பிரபுத்துவம் எங்கிருந்து வந்தது? (கடிதமும் பதிலும்)

அன்புள்ள ஆசிரியருக்கு,

பள்ளியில் நிலப்பிரபுத்துவத்தை ஒரு முக்கோணமாக வரைந்து சொல்லித் தந்தார்கள். உச்சியில் அரசன், கீழே பிரபுக்கள், அதற்கும் கீழே வீரர்கள், அடியில் உழவர்கள். ஆனால் குதிரைச் சேணத்தில் கால் வைத்து ஏற அங்கவடி வந்ததுதான் எல்லாவற்றுக்கும் காரணம் என்று சமீபத்தில் ஒரு காணொளியில் கேட்டேன். எது சரி? இந்த முறையை யார், எப்போது ஏற்படுத்தினார்கள்?

அன்புடன்,
எஸ்.

அன்புள்ள எஸ்.,

யாரும் ஏற்படுத்தவில்லை. அதனால்தான் அந்த முக்கோணம் எனக்குப் பிடிப்பதில்லை. அரசன் மேலே உட்கார்ந்து நிலத்தைப் பங்கு போட்டான் என்ற எண்ணத்தை அது மனதில் பதித்துவிடுகிறது.

அங்கவடிக் கருத்து லின் ஒயிட் என்ற அமெரிக்க வரலாற்றாசிரியர் 1962இல் முன்வைத்தது. அங்கவடியால் குதிரைப்படை வலுப்பெற்றது, அந்தப் படைக்குச் செலவழிக்க, இன்றைய பிரான்ஸ், ஜெர்மனிப் பகுதிகளை 8ஆம் நூற்றாண்டில் ஆண்ட பிராங்கியர்களின் தலைவர் சார்லஸ் மார்ட்டெல் திருச்சபை நிலங்களை எடுத்து வீரர்களுக்குக் கொடுத்தார் என்பது அவர் வாதம். கேட்க நன்றாக இருக்கிறது, சான்றுதான் போதவில்லை. அக்காலப் பிராங்கியக் கல்லறைகளில் அங்கவடி கிடைப்பதே அபூர்வம். 732இல் ஸ்பெயினிலிருந்து வந்த முஸ்லிம் படையோடு நடந்த போரில் மார்ட்டெலின் படை பனிச்சுவர் போல அசையாமல் நின்றது என்று அந்நூற்றாண்டின் ஸ்பானிய நாளாகமம் சொல்கிறது. குதிரைப்படையை யாரும் அப்படி வர்ணிக்க மாட்டார்கள்.

நான் தொடங்க விரும்புவது பிரான்சின் தூர் நகரில் கிடைத்த 8ஆம் நூற்றாண்டு ஆவணம் ஒன்றிலிருந்து. ‘உண்ணவும் உடுக்கவும் எனக்கு வழியில்லை என்பது எல்லோரும் அறிந்தது’ என்ற பொருளில் ஒருவன் அதில் பேசுகிறான். இனி உங்கள் ஆதரவில் இருப்பேன், சோறும் துணியும் தாருங்கள், உயிருள்ளவரை சுதந்திர மனிதனுக்குரிய முறையில் உங்களுக்குச் சேவை செய்வேன், உங்கள் அதிகாரத்தை விட்டு விலக மாட்டேன் என்கிறான். அவன் பெயர் என்ன? பெயர் வர வேண்டிய இடத்தில் ‘இன்னார்’ என்றுதான் இருக்கிறது. ஆம், அது எழுத்தர்கள் பார்த்து எழுத வைத்திருந்த மாதிரிப் படிவம். தன்னையே ஒப்படைக்க எத்தனை பேர் வந்திருந்தால் இதற்கு ஒரு படிவம் தேவைப்பட்டிருக்கும்! எனக்கு இதைவிட முக்கியமான சான்று வேறில்லை.

இந்த வழக்கம் பிராங்கியர்களோடு தொடங்கியதும் அல்ல. ரோமப் பேரரசு இருந்தபோதே, 332இல், குத்தகை உழவர்களை நிலத்தோடு பிணைத்துச் சட்டம் போட்டார் கான்ஸ்டன்டைன். வரிக் கொடுமை தாங்காமல் சிறு உழவர்கள் பெரிய மனிதர்களிடம் நிலத்தைக் கொடுத்துவிட்டுத் தஞ்சம் புகுந்ததை 5ஆம் நூற்றாண்டில் மார்செய் நகரப் பாதிரியார் சால்வியன் மனம் கொதித்து எழுதியிருக்கிறார். நிலம் போன பிறகும் அதற்கான வரி அவர்கள் தலையிலேயே இருந்ததாம்.

அப்புறம் இதே ஒப்படைப்பு மேல்தட்டுக்கும் போனது. 757இல் பவேரியக் கோமகன் தாசிலோ, பிராங்கிய மன்னர் பெப்பினின் கைகளுக்குள் தன் கைகளை வைத்து அவருடைய ஆளானதாக அரசவை நாளாகமம் சொல்கிறது. இதற்குள் வீரர்களிடம் போயிருந்த திருச்சபை நிலங்களுக்கும் ஓர் ஏற்பாடு வந்துவிட்டது. 740களில் எஸ்தீன் என்ற இடத்தில் கூடிய திருச்சபைக் கூட்டம், நிலம் திருச்சபைக்கே சொந்தம், வீரன் தன் ஆயுள்வரை அனுபவிக்கலாம், அந்நிலத்தில் உள்ள உழவர் குடும்பம் ஒன்றுக்கு ஆண்டுதோறும் 12 வெள்ளிக் காசு தர வேண்டும் என்று முடிவு செய்தது. ஆளாக இருப்பதும் நிலம் பெறுவதும் மெல்ல ஒன்றோடொன்று பின்னிக்கொண்டன.

843இல் பிராங்கியப் பேரரசு மூன்றாகப் பிரிந்தது. வைக்கிங்குகள் என்ற வட கடலோடிகள் ஆற்று வழியாக வந்து கொள்ளையடித்தார்கள். 847இல் மெர்சன் என்ற ஊரில், மேற்குப் பகுதியை ஆண்ட ‘வழுக்கை’ சார்லஸ் மன்னர் அறிவித்தார்: என் நாட்டின் ஒவ்வொரு சுதந்திர மனிதனும் தனக்கொரு பிரபுவைத் தேர்ந்துகொள்ளட்டும், தக்க காரணமில்லாமல் அவரை விட்டுப் போகக்கூடாது. ஏற்கெனவே நடந்துகொண்டிருந்ததற்கு அரசு போட்ட முத்திரை என்றே இதை நான் படிக்கிறேன். 877இல் இத்தாலிக்குப் புறப்படும் முன் அதே மன்னர் கியேர்சி என்ற ஊரில் இட்ட ஆணை, பிரபு இறந்தால் மகன் அந்த இடத்துக்கு வருவதை இயல்பாகவே எடுத்துக்கொள்கிறது.

ஆயுள்வரை என்று கொடுத்த நிலம் இப்படித்தான் பரம்பரைச் சொத்தானது. ஆயுள்வரை என்று ஒப்புக்கொண்ட சேவையும் பல இடங்களில் உழவனின் பிள்ளைகள் தலையில் இறங்கியது. அவர்களிடம் யாரும் கையெழுத்துக் கேட்கவில்லை.

அன்புடன்.