கவுன்சிலிங் ரூம்ல வார்டனும் உக்காரணுமா?

கேள்வி:

வணக்கம் மேடம். நான் தாம்பரம் தாண்டி ஒரு கேர்ள்ஸ் ரெசிடென்ஷியல் ஸ்கூல்ல வார்டனா இருக்கேன், ஸ்கூல் பேரும் என் பேரும் வேண்டாம். எட்டாவதுல இருந்து பத்தாவது வரைக்கும் படிக்கிற பொண்ணுங்க ஒரு மாடி ஃபுல்லா என் பொறுப்பு. வீட்டுல இருந்து ஃபோன் வந்தா கூப்பிட்டு விடுறது, காய்ச்சல்னா கஞ்சி வாங்கிக் குடுக்கறது, ராத்திரி லைட் ஆஃப் பண்றது எல்லாமே நான்தான்.

இந்த வருஷம் எங்க ஸ்கூல்ல சனிக்கிழமை மட்டும் ஒரு கவுன்சிலர் மேடம் வராங்க. நல்லவங்கதான், பொறுமையா பேசுறாங்க. ஆனா ஸ்டடி ஹவர் நடக்கும்போது மைக்ல பேர் சொல்லி "கவுன்சிலிங்குக்கு வா"ன்னு கூப்பிடுவாங்க, எழுந்து போற பொண்ண மத்த பசங்க எல்லாம் திரும்பிப் பாக்கும், "மெண்டல் க்ளாஸ் போறா"ன்னு பேரே வெச்சிட்டாங்க. ரூம் ஆஃபீஸ் பக்கத்துலயே, கண்ணாடிக் கதவு போட்டது. பேசுனதெல்லாம் ஒரு ரெஜிஸ்டர்ல எழுதி பிரின்சிபல் கையெழுத்துக்குப் போகும்.

ஒன்பதாவது படிக்கிற ஒரு பொண்ணுதான் இப்ப என் கவலை. ராயபுரம் பக்கம் வீடு. அப்பா தனியா போயிட்டாரு, அம்மா குவைத்ல வேலை, ஆயாதான் (பாட்டி) கொண்டு வந்து சேத்தாங்க. ரெண்டு மூணு வாரம் கவுன்சிலர்கிட்ட போனா, வீட்டு விஷயம் ஏதோ சொல்லியிருக்கா. அது ரெஜிஸ்டர்ல ஏறி, ஆயா பாக்க வந்தப்ப பிரின்சிபல் அப்படியே அவங்ககிட்ட சொல்லிட்டாங்க, ஆயா விசிட்டர்ஸ் இடத்துலயே எல்லார் முன்னாடியும் "குடும்ப மானத்த வாங்கறியா"ன்னு அடிக்காத குறையா திட்டிட்டுப் போயிட்டாங்க. அதுல இருந்து அவ கவுன்சிலர் முன்னாடி போயி உக்காருவா, வாயே திறக்க மாட்டா.

என்கிட்ட மட்டும் ராத்திரி லைட் ஆஃப் பண்ணதுக்கு அப்புறம் சீப்ப எடுத்துட்டு வந்து நிப்பா, "மிஸ் தலை பின்னி விடுறீங்களா"ன்னு. பகல்லயே பின்னின தலைதான், அவிழ்த்துட்டு வருவா. போன வாரம் அப்படி பின்னிட்டு இருக்கும்போது சென்னை வெயில்ல எதுக்குடி முழுக்கை ஸ்வெட்டர்னு கேட்டேன், அவளே கைய மடிச்சுக் காட்டுனா மேடம். மணிக்கட்டுக்கு மேல கோடு கோடா கீறல், சிலது காஞ்சது, சிலது புதுசு. "மிஸ் ப்ராமிஸ், யாருக்கும் சொல்லக்கூடாது, சொன்னா TC குடுத்துருவாங்க"ன்னு அழுதா.

கரஸ்பாண்டன்ட் இப்ப என்னைக் கூப்பிட்டு, இனிமே கவுன்சிலிங் நடக்கும்போது நீயும் உள்ள உக்காரு, என்ன பேசுறாங்கன்னு எங்களுக்குத் தெரியணும்னு சொல்றாரு. நான் உக்காரணுமா? அவ கைய பத்தி சொல்லணுமா மறைக்கணுமா? சும்மா பேசுறதால இதெல்லாம் சரியாகுமா? நான் பி.ஏ. படிச்சவ, சைக்காலஜி எல்லாம் தெரியாது, ஆனா அந்தப் பொண்ண நெனச்சா தூக்கம் வரல.

– ஒரு வார்டன், சென்னை

பதில்:

வணக்கம்மா. மொதல்ல கை விஷயம், மத்ததெல்லாம் அப்புறம். இத நீங்க மறைக்கக் கூடாது, ஆனா அவளுக்குத் தெரியாம போயும் சொல்லக் கூடாது. இன்னைக்கு ராத்திரியே தலை பின்னும்போது இப்படிச் சொல்லுங்க: "நீ என்னை நம்பி காட்டுன, அதுக்காக நான் உன்னை விட்டுட மாட்டேன். ஆனா உன் உயிருக்கோ உடம்புக்கோ ஆபத்துன்னா தனியா என்னால வெச்சுக்க முடியாது, கவுன்சிலர் மேடம்கிட்ட சொல்லணும், நீயும் கூட இரு, என்ன சொல்றேன்னு உன் முன்னாடியே சொல்றேன்." கோவப்படுவா, ரெண்டு நாள் சீப்பு எடுத்துட்டு வராமக் கூட இருக்கலாம். ஆயா விஷயத்துல அவளுக்கு அடிபட்டதே அவ முதுகுக்குப் பின்னாடி நடந்ததாலதான், இது அப்படி நடக்கலன்னு பாத்துட்டான்னா திரும்ப வருவா.

அடுத்தது ஒரு கேள்வி, கேக்கவே நாக்கு எழாது, ஆனா நேரா கேட்டே ஆகணும்: "உனக்கு செத்துடணும்னு தோணுதாடா கண்ணு?" இப்படிக் கேட்டா இல்லாத எண்ணத்த நாமளே மண்டைல ஏத்திடுவோமோன்னு நிறைய பேர் பயப்படுறாங்க. அப்படி ஆகாதும்மா, ஆராய்ச்சில திரும்பத் திரும்ப பாத்தாச்சு, கேட்டா பசங்களுக்கு பாரம்தான் எறங்குது. கைய கீறிக்கற பொண்ணுங்க நிறைய பேருக்கு சாகற எண்ணம் இருக்காது, உள்ள தாங்க முடியாத அளவுக்கு ஏதோ பொங்கும்போது அத அடக்க அவங்களுக்குத் தெரிஞ்ச வழி அது ஒண்ணுதான். "சீன் போடுறா"ன்னு ஸ்டாஃப் ரூம்ல சொல்லுவாங்க, சீன் போடுறவ சென்னை வெயில்ல ஸ்வெட்டர் போட்டு மறைக்க மாட்டா. ஆனா இப்படி கீறிக்கறவங்களுக்கு பின்னாடி தற்கொலை ஆபத்து ஜாஸ்தி, அதனால விட்டுடவும் முடியாது. ஆமா தோணுதுன்னு சொன்னாலோ, எப்படின்னு யோசிச்சு வெச்சிருந்தாலோ, ஒரு நிமிஷம் தனியா விடாதீங்க, அன்னைக்கே ஆயாவையும் வரச்சொல்லிட்டு எழும்பூர் குழந்தைகள் ஆஸ்பத்திரிக்கோ கீழ்ப்பாக்கம் மனநல மருத்துவமனைக்கோ கூட்டிட்டுப் போகணும், சனிக்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாது. ராத்திரி நேரம் என்ன செய்யறதுன்னு கை கால் ஓடலன்னா 14416, டெலி மானஸ்னு மனநல உதவி நம்பர், 24 மணி நேரமும் தமிழ்ல பேசுவாங்க, காசு இல்ல. 2022ல மத்திய அரசு ஆரம்பிச்சது.

இப்ப ரூம் விஷயம். உக்காராதீங்கம்மா. கரஸ்பாண்டன்ட் மேல எனக்குக் கோவம் இல்ல, ஹாஸ்டல்ல ஒரு பொண்ணுக்கு ஏதாவது ஆச்சுன்னா ஊரே வந்து நிக்கும்னு அவருக்கு பயம், அந்த பயம் நியாயமானதுதான். ஆனா வீட்டுல இருக்கற பொண்ணுக்கு ஒரு மொட்டை மாடி இருக்கும், பக்கத்து வீட்டு அக்கா இருப்பா, கதவ சாத்திட்டு அழ ஒரு பாத்ரூமாவது இருக்கும். ஹாஸ்டல் பொண்ணுக்கு தூங்கறது, சாப்பிடுறது, அழுவுறது எல்லாமே நாலு பேர் முன்னாடிதான். அவ திட்டு வாங்குனதும் ஸ்கூலுக்குள்ள, அத போயி சொல்லணும்னாலும் ஸ்கூலுக்குள்ளயே. அவளுக்குன்னு இருக்கறது அந்த அரை மணி நேரம் மட்டும்தான், அதுலயும் ஸ்கூல் ஆள் ஒருத்தர் உக்காந்தா அது கவுன்சிலிங் இல்ல, என்கொயரி. நீங்க எவ்ளோ நல்லவங்களா இருந்தாலும் சரி, காலைல எழுப்பறது நீங்க, ரிப்போர்ட் குடுக்கறதும் நீங்க, உங்க முன்னாடி அவ உங்கள பத்தியே ஏதாவது சொல்லணும்னா எப்படி சொல்லுவா?

கரஸ்பாண்டன்ட்கிட்ட இத எடுத்துச் சொல்ல உங்களுக்கு சட்டமும் துணைக்கு இருக்கு. 2017ல வந்த மனநலப் பராமரிப்புச் சட்டத்துல ரகசியம் காக்கப்படுறது சிகிச்சை எடுக்கறவங்களோட உரிமைன்னே போட்டிருக்கு. சின்னப் பொண்ணுன்றதால காப்பாளருக்கு என்ன பிரச்சனை, என்ன சிகிச்சைன்னு பொதுவா தெரியணும், அது சரி, ஆனா அவ வாயால சொன்னது வார்த்தைக்கு வார்த்தை ரெஜிஸ்டர்ல ஏறி கை கையா போறது வேற. ரெஜிஸ்டர்ல தேதி, நேரம், அடுத்து எப்ப வரணும் அவ்வளவுதான் இருக்கணும், மீதி நோட்ஸ் கவுன்சிலர்கிட்ட பூட்டுன பீரோல.

ரகசியம் உடையற இடமும் உண்டு, அத மொத நாளே பொண்ணுகிட்ட சொல்லிடணும். தன் உயிருக்கு ஆபத்து, அடுத்தவங்க உயிருக்கு ஆபத்து, அப்புறம் யாராவது அவகிட்ட பாலியல் ரீதியா தப்பா நடந்துக்கறது. அந்த மூணாவதுல கவுன்சிலருக்கு மட்டும் இல்ல, உங்களுக்கும் பொறுப்பு இருக்கும்மா. 2012 போக்சோ சட்டப்படி 18 வயசுக்கு கீழ இருக்கற பிள்ளைக்கு அப்படி நடந்தது தெரிஞ்ச யாரா இருந்தாலும் போலீஸ்ல சொல்லியே ஆகணும், சொல்லலன்னா ஆறு மாசம் வரைக்கும் ஜெயில், நிறுவனத்துக்கு பொறுப்பானவங்க மூடி மறைச்சா ஒரு வருஷம் வரைக்கும். பிரின்சிபல்கிட்ட சொல்லிட்டேன், என் வேலை முடிஞ்சதுன்னு இருக்க முடியாது. குழந்தைகள் உதவி நம்பர் 1098க்கு ஃபோன் போட்டாலும் வழி சொல்லுவாங்க. ஆயாகிட்ட சொன்னதும் மானம்னு அவங்க குதிச்சாங்களே, அவ சொன்ன வீட்டு விஷயம் என்னன்னு உங்களுக்குத் தெரியல, எனக்கும் தெரியல. வீட்டுப் பிரிவு, அம்மா ஏக்கம்னு கூட இருக்கலாம். கவுன்சிலர் இத இன்னொரு தடவ நிதானமா, ஆயா நிழல் படாம கேக்கணும், இத அவங்ககிட்ட அழுத்திச் சொல்லுங்க.

சும்மா பேசுறதால சரியாகுமான்னு கேட்டீங்க. சும்மா பேசுறதில்லம்மா அது. அட்வைஸ் பண்ணா அது கவுன்சிலிங்கே இல்ல, அட்வைஸ் குடுக்கத்தான் ஊர் பூரா ஆள் இருக்கே. இந்த வயசுப் பொண்ணுங்க மொத ரெண்டு மூணு தடவ ஒண்ணும் பேச மாட்டாங்க, பேப்பர்ல பேனாவால கிறுக்கிட்டே இருப்பாங்க, அதுவும் நேரம் வேஸ்ட் இல்ல, இந்த ஆள் எப்படிப்பட்டவங்கன்னு நம்மள அளந்து பாக்கறாங்க. அப்புறம்தான் எப்ப கீறிக்கணும்னு தோணுது, அதுக்கு அஞ்சு நிமிஷம் முன்னாடி என்ன நடந்துச்சு, மனசுல என்ன ஓடுச்சுன்னு ஒவ்வொண்ணா பிரிச்சுப் பாப்பாங்க. கைய கீறிக்கறவங்களுக்குன்னே டிபிடின்னு ஒரு முறை இருக்கு, மார்ஷா லினஹன்னு அமெரிக்க சைக்காலஜிஸ்ட் உருவாக்குனது, அத டீன் ஏஜ் பசங்களுக்குன்னு மாத்தியும் வெச்சிருக்காங்க. அதுல சொல்லிக் குடுக்கற ஒரு விஷயம் உங்க கையாலயே செய்யலாம்: அவளுக்கு உள்ள பொங்குற நேரத்துல ஐஸ் வாட்டர்ல துணிய நனைச்சு கண்ணு, கன்னம் மேல அரை நிமிஷம் அழுத்தி வெக்கணும், மூச்ச கொஞ்சம் பிடிச்சுக்கிட்டு. மூஞ்சில சில்லுன்னு பட்டா இதயத் துடிப்பு தானா கொறையும், ஒடம்போட இயல்பு அது. ஹார்ட் பிரச்சனை இருக்கற பிள்ளைக்கு மட்டும் வேண்டாம். அந்த வேகம் பெரும்பாலும் கொஞ்ச நேரத்துல எறங்கிடும், அது வரைக்கும் தாண்ட வெச்சா போதும். இதெல்லாம் ரெண்டு சனிக்கிழமைல நடக்கற வேலை இல்ல, மாசக் கணக்குல ஆகும், நடுவுல திரும்ப ஒரு தடவ கீறிக்குவா, அன்னைக்கு "இவ்ளோ பண்ணியும் இப்படி பண்ணிட்டியே"ன்னு மட்டும் சொல்லிடாதீங்க.

மைக்க நிறுத்துங்க, அத மட்டுமாவது இந்த வாரமே. சீட்டு குடுத்து அனுப்பலாம், இல்லன்னா அதவிட நல்ல வழி, மாடில இருக்கற எல்லாப் பொண்ணுங்களும் ரோல் நம்பர் வரிசைல ஒரு தடவ கவுன்சிலர பாத்துட்டு வரட்டும், எல்லாரும் போற இடத்துக்கு யாரு பட்டப்பேர் வெப்பா. கண்ணாடிக் கதவுல ஒரு சார்ட் பேப்பர் ஒட்டுங்க. 2025 ஜூலைல சுப்ரீம் கோர்ட் ஒரு தீர்ப்பு குடுத்துச்சு, 100 மாணவர்களோ அதுக்கு மேலயோ இருக்கற கல்வி நிறுவனம் ஒவ்வொண்ணும் தகுதியான ஒரு கவுன்சிலரயாவது வெக்கணும், டீச்சர் மட்டும் இல்ல மத்த ஸ்டாஃபுக்கும் வருஷத்துக்கு ரெண்டு தடவ மனநலப் பயிற்சி குடுக்கணும்னு. அந்த "மத்த ஸ்டாஃப்" நீங்கதாம்மா. எனக்கு சைக்காலஜி தெரியாதுன்னு எழுதியிருக்கீங்க, அந்த ட்ரெய்னிங்க கேட்டு வாங்குங்க, அது உங்களுக்கு சேர வேண்டியது.

இன்னொண்ணு, ஒடம்புலயும் ஏதாவது காரணம் இருக்கான்னு பாக்கணும், அவளுக்கு ரத்த டெஸ்ட் எடுத்தீங்களா? ஹீமோகுளோபின், தைராய்டு ரெண்டும் பாக்கச் சொல்லுங்க, பீரியட்ஸ் ஒழுங்கா வருதான்னு நீங்களே கேளுங்க. இந்த வயசுக்கு எட்டு மணி நேரத்துக்கு மேல தூக்கம் வேணும், ராத்திரி லேட்டாதான் தூக்கமே வரும், அஞ்சு மணிக்கு எழுப்பி ஸ்டடில உக்கார வெச்சா ஏற்கனவே தவிக்கற பொண்ணு இன்னும் நொறுங்கிடும். அவளுக்கு மட்டுமாவது கொஞ்ச நாளைக்கு காலை ஸ்டடிய தள்ளி வெக்க டாக்டர்கிட்ட லெட்டர் வாங்கலாம். குவைத் நேரத்துக்கு ஏத்த மாதிரி அம்மாகூட வீடியோ கால் ஏற்பாடு பண்ணுங்க, மத்தவங்க க்யூல நின்னு காத கொடுத்துட்டு இருக்காத நேரமா. ஆயாகிட்ட கை விஷயத்த கவுன்சிலர்தான் சொல்லணும், பொண்ணு கூட இருக்கும்போது, திட்டுனா என்ன ஆகும்னு முன்னாடியே ஆயாவ தனியா உக்கார வெச்சு பேசிட்டு. TC பேச்ச இப்ப யாரும் எடுக்கக் கூடாதுன்னும் கவுன்சிலரே கரஸ்பாண்டன்ட்கிட்ட கேட்டு வாங்கிடணும், அதுதான் அவளோட பெரிய பயம்.

தலை பின்னி விடுறத நிறுத்தாதீங்க. இன்னைக்கு கேட்டதுக்கு அப்புறம் அந்த நேரத்துல கேள்வி கேக்க வேண்டாம், அவளா பேசுனா கேளுங்க, இல்லன்னா பின்னிட்டு அனுப்புங்க. ஆனா நீங்க அவளுக்கு டாக்டர் இல்லம்மா, அவ கண்ணீர் மொத்தத்தையும் நீங்களே தாங்கணும்னு இல்ல. உங்க தூக்கம் போனா மாடில இருக்கற மத்த பொண்ணுங்க கதி என்ன? அந்த 14416 உங்களுக்கும்தான், கூப்பிட்டு பேசுங்க. வர்ற சனிக்கிழமை கவுன்சிலர் மேடம் ரூமுக்குள்ள போறதுக்கு முன்னாடி வாசல்லயே அவங்கள பிடிச்சு ஒரு பத்து நிமிஷம் கேளுங்க, இந்த பதில கையில எடுத்துட்டே போங்க, கரஸ்பாண்டன்ட் கேட்டா அவருக்கும் காட்டுங்க. என்ன சொன்னாங்கன்னு எனக்கு எழுதுங்க, காத்திருக்கேன்.