அடைமழைக்கு முன் ஜூனிபர்: கேள்வி பதில்

புதுச்சேரி லாஸ்பேட்டை செம்மண் மேட்டில் பல வருடங்களாக ஜூனிபர் என்ற ஊசியிலை அலங்காரச் செடியை வளர்த்து வருகிறேன். ஐப்பசி நெருங்கிவிட்டதால், வந்த கேள்விகளுக்கு இப்போதே பதில் சொல்லிவிடுகிறேன்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: அண்ணா, நர்சரியில் வாங்கி நாலு மாதம் பச்சைப் பசேல் என்று இருந்தது. பத்தே நாளில் மொத்தமும் பழுப்பாகிவிட்டது. தினமும் தவறாமல் தண்ணீர் ஊற்றினேனே?

தினமும் ஊற்றியதுதான் காரணம், தம்பி. செம்பருத்திக்கு வேர் கெட்டால் மதியமே இலை தொங்கிவிடும். ஜூனிபரின் இலை செதில் போல் சிறியது, மேலே மெழுகுப் பூச்சு வேறு. ஈரம் மெதுவாகத்தான் போகும். அதனால் வேர் அழுகிய பிறகும் சில வாரம் பச்சையாகவே நிற்கும். நீங்கள் பழுப்பைப் பார்த்தபோது உள்ளே எல்லாம் முடிந்திருக்கும்.

எனக்கும் இது நடந்தது. 2011 டிசம்பரில் ‘தானே’ புயல் வந்தபோது, காற்றுக்குப் பயந்து மூன்று தொட்டிகளை மதில் மூலையில் இறக்கி வைத்தேன். காற்றில் ஒரு கிளைகூட முறியவில்லை. ஆனால் அந்த மூலையில் தண்ணீர் நின்றது. பொங்கல் வரை பச்சையாக இருந்தவை, மாசிக்குள் மூன்றும் போய்விட்டன. இன்னும் மனசு கேட்கவில்லை.

செடியைப் பிடுங்கி வேரைப் பாருங்கள். கறுத்து, தோல் உரிந்து கையோடு வந்தால் அழுகல்தான். அடுத்த செடி வாங்கும்போது கவரைப் பிரித்ததும் வேரைச் சுற்றியிருக்கும் களிமண் உருண்டையைக் கவனியுங்கள். காய்ந்தால் கல், நனைந்தால் சேறு. வெளிப்பக்கத்தை மட்டும் மெல்ல உதிர்த்துவிட்டு, செம்மண், ஆற்றுமணல், மக்கிய தொழுவுரம் கலந்து நடுங்கள். கரும்பு விளையும் உங்கள் மண் நீரைப் பிடித்து வைக்கும். அதனால் ஒரு அடி மேடு கட்டி அதன்மேல் வையுங்கள். விரலை இரண்டு அங்குலம் விட்டுப் பார்த்து, காய்ந்திருந்தால் மட்டும் தண்ணீர்.

தேவனாம்பட்டினத்திலிருந்து: கடலைப் பார்த்த பக்கம் மட்டும் நுனி கருகுகிறது, ஐயா.

உப்புக்காற்று. பலமாகக் காற்று அடித்த மறுநாள் காலையில் நல்ல தண்ணீரால் செடி முழுக்கக் கழுவிவிடுங்கள். தொட்டி என்றால் மதிலுக்கு உள்பக்கம் நகர்த்துங்கள். ஆனால் வெயில் ஆறு மணி நேரமாவது படவேண்டும்.

முத்தியால்பேட்டையிலிருந்து: மொட்டை மாடியில் வைத்திருக்கிறேன். சித்திரையிலிருந்து சாம்பல் பூத்த மாதிரி மங்கலாகிவிட்டது. நோயா?

ஒரு வெள்ளைத்தாளைப் பிடித்து, அதன்மேல் கிளையைத் தட்டுங்கள் அம்மா. மிளகாய்த்தூள் போல் விழுந்து புள்ளிகள் நகர்ந்தால் சிலந்திப்பேன். மாடிச் சூடும் தூசியும் அதற்குக் கொண்டாட்டம். காலையில் உள்கிளைகள் வரை தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள். வாரம் ஒருமுறை சாயங்காலம், லிட்டருக்கு 5 மில்லி வேப்பெண்ணெயை இரண்டு துளி சோப்புக் கரைசலோடு கலந்து தெளியுங்கள். சாம்பல் நிறம் உடனே மாறாது, புதுத் துளிர் பச்சையாக வந்தால் போதும்.

ஒரே செடியில் ஒரு கிளை மெத்தென்று, இன்னொன்று முள்ளாய்க் குத்துகிறது. ஒட்டுச் செடியா?

இல்லை. முள் இளம் இலை, செதில் முதிர்ந்த இலை. நம் நர்சரிகளில் கிடைக்கும் சீன ஜூனிபரில் இரண்டும் சேர்ந்தே வரும். ஒட்ட வெட்டினால் முள் அதிகமாகும்.

எவ்வளவு வெட்டலாம்?

பச்சை இருக்கும் இடம் வரை மட்டும். இலையில்லாத பழைய கட்டையில் வெட்டினால் அங்கே துளிர்க்காது, ஓட்டை ஓட்டையாகவே நிற்கும். இதில் அவசரப்படாதீர்கள், செம்பருத்தி வேலி போல நினைத்துக் கத்தரியை எடுக்கவே கூடாது.

நீலக்காய் வந்திருக்கிறது. சாப்பிடலாமா?

வேண்டாம். சமையலில் சேர்ப்பது வேறு இனம். சில ஜூனிபர்களின் காய் நஞ்சு. குழந்தைகள் பறிக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

மழைக்கு முன் தொட்டிகளுக்கு என்ன செய்ய வேண்டும்?

மூன்று செங்கல் வைத்து அதன்மேல் தூக்கி வையுங்கள். அடித்துளையில் ஒரு குச்சியை விட்டு அடைப்பை எடுங்கள். கீழே தட்டு இருந்தால் இன்றைக்கே எடுத்துவிடுங்கள், தை பிறந்ததும் மறுபடி வைத்துக்கொள்ளலாம்.