அப்பா பெயர் முன்னால், ஆசிரியர் பெயர் பின்னால்

கேள்வி: ஆய்வேட்டுக்கு ஏபிஏ (அமெரிக்க உளவியல் சங்கத்தின் மேற்கோள்) முறையில் நூல் பட்டியல் தயாரிக்கிறேன். தமிழ்ப் பெயர்களில் எதைக் குடும்பப் பெயராகப் போடுவது?
- ஆய்வு மாணவி, கோபிசெட்டிபாளையம்

பதில்: அம்மணி, நம்மிடம் குடும்பப் பெயர் கிடையாது, முன்னெழுத்து பெரும்பாலும் அப்பாவுடையது. மு. சென்னியப்பன் என்றால் 'சென்னியப்பன், மு.' என்று எழுதி, அந்தப் பெயரின் அகரவரிசையில் வையுங்கள். கட்டுரைக்குள் (சென்னியப்பன், 2018) போதும்.

முன்னெழுத்து விரிந்து 'சென்னியப்பன் முத்துசாமி' என்று வரும்போதுதான் சிக்கல். மென்பொருள் கடைசிச் சொல்லைக் குடும்பப் பெயராக எடுத்துக்கொள்ளும். என் முதல் கட்டுரைக்கு அப்படித்தான் ஆனது. ஈரோட்டு மஞ்சள் மண்டியில் மூட்டை சுமந்த அப்பாவின் பெயர் அச்சில் வந்தது எனக்குப் பெருமைதான். ஆனால் என் பெயரில் தேடியவர்களுக்குக் கட்டுரை கிடைக்கவில்லை. அதனால் சொடேரோ (Zotero) போன்ற நூல் பட்டியல் மென்பொருளில் பெயரை நீங்களே திருத்துங்கள். சந்தேகம் வந்தால் அந்த ஆசிரியருடைய மற்ற கட்டுரைகளையும் பாருங்கள்.

அப்புறம், 2019இல் வந்த ஏபிஏ கையேட்டின் ஏழாம் பதிப்பின்படி பதிப்பகத்தின் ஊர் வேண்டாம். மூன்று பேருக்கு மேல் என்றில்லை, மூன்று பேர் எழுதியிருந்தாலே கட்டுரைக்குள் முதல் பெயரும் 'மற்றும் பிறர்' என்பதும் போதும்.