‘ப்ரீபோன்’ என்று எழுதலாமா?

கேள்வி: கிருஷ்ணகிரியில் மாங்கூழ் ஏற்றுமதி நிறுவனம் ஒன்றில் கடிதப் போக்குவரத்து பார்க்கிறேன். கன்டெய்னர் ஏற்றும் தேதியை முன்கூட்டியே வைத்துக்கொள்ளலாமா என்று லண்டன் வாடிக்கையாளருக்கு எழுதும்போது ‘ப்ரீபோன்’ என்று போட்டேன். அப்படி ஒரு வார்த்தையே இங்கிலீஷில் கிடையாது என்கிறார் மேலாளர். உண்மையா? நம் ஊர் ‘சென்டம்’ போன்ற வார்த்தையை அகராதியில் சேர்க்கச் சொல்லி யாரிடம் கேட்பது?

பதில்: வார்த்தை இருக்கிறது. ஆக்ஸ்போர்டு பேரகராதி இந்தப் பொருளில் அதற்குக் காட்டும் பழைய மேற்கோள் 1913-ஆம் ஆண்டு நியூயார்க் டைம்ஸில் வந்தது. நாம் கண்டுபிடித்ததுகூட இல்லை. அங்கே கைவிட்டார்கள், இங்கே பிழைத்துக்கொண்டது.

ஆனால் பதிவைப் பார்த்தவர் பக்கத்தில் இருக்கும் ‘இந்திய ஆங்கிலம்’ என்ற குறிப்பையும் பார்க்க வேண்டும். அது தவறு என்று சொல்லும் முத்திரை அல்ல, எங்கே புழங்குகிறது என்ற தகவல். அகராதிக்காரர்கள் அனுமதி வழங்குவதில்லை. மக்கள் எழுதியதைக் குறித்து வைக்கிறார்கள், அவ்வளவுதான். ‘அய்யோ’ 2016-லும் ‘அண்ணா’ 2017-லும் அந்தப் பேரகராதியில் ஏறின. அதற்காக லண்டன்காரர் உங்களுக்கு ‘அண்ணா’ போட்டு எழுதப்போவதில்லை. ஆகவே அவருக்கு ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்றே எழுதுங்கள். பெங்களூர் ஆபீசுக்கு ‘ப்ரீபோன்’ தாராளமாகப் போகட்டும்.

சரி, சென்டத்துக்கு வருவோம். பத்தாம் வகுப்பு ரிசல்ட் வந்ததும் தருமபுரியில் பள்ளிகள் வைக்கும் பிளெக்ஸில் ‘மேத்ஸ் சென்டம்’ என்று இருக்கும். அதை மட்டும் படம் பிடித்து அனுப்பினால் போதாது. பதிப்பாசிரியர் தேடுவது வேறு: பல ஆண்டுகளாக, ஒருவரையொருவர் அறியாத பலர், ஒரே பொருளில் எழுதியிருக்கிறார்களா? நான் முக்கியமாக நினைப்பது இன்னொன்று. எழுதியவர் ‘அதாவது நூற்றுக்கு நூறு’ என்று விளக்கம் சேர்க்கிறாரா, இல்லை வாசகருக்குத் தெரியும் என்று போகிறபோக்கில் விட்டுவிடுகிறாரா? விளக்கம் நின்றுபோன இடத்தில்தான் வார்த்தை ஊன்றிவிட்டது என்று பொருள்.

ஆதாரம் திரட்டும் முறை பழையதுதான். 1879-இல் அந்தப் பேரகராதியின் பதிப்பாசிரியர் ஜேம்ஸ் மர்ரே பொதுமக்களிடம் புத்தகம் படித்து மேற்கோள் அனுப்பச் சொல்லி வேண்டுகோள் விட்டார். துண்டுச்சீட்டுகள் லட்சக்கணக்கில் குவிந்தன, அகராதி முடிய 1928 ஆகிவிட்டது. நீங்களும் அப்படியே செய்யலாம். மேலே வார்த்தை, கீழே ஆங்கில நாளிதழின் பெயர், தேதி, பக்கம், அப்புறம் அந்த வாக்கியம் முழுசாக. கிடைப்பதிலேயே பழையதைத் தேடிப் பிடியுங்கள், அதற்குத்தான் மதிப்பு அதிகம். மாவட்ட நூலகத்தில் பழைய செய்தித்தாள் கட்டு இருக்கிறதா என்று விசாரித்துப் பாருங்கள்.

இன்று சீட்டுகளோடு கணினித் தொகுப்புகளும் உண்டு. 2013-இல் வெளியான ஒன்றில் 20 நாட்டு இணையப் பக்கங்களிலிருந்து எடுத்த 190 கோடி வார்த்தைகள் இருக்கின்றன. ஒரு சொல் எந்த நாட்டில் அதிகம் புழங்குகிறது என்று அதிலேயே பார்த்துவிடலாம். மாநில வாரியாகப் பிரித்துக் காட்டாது. சென்டம் போன்ற வார்த்தைக்கு உங்கள் சீட்டு உதவுவது அங்கேதான்.

திரட்டியதை ஆக்ஸ்போர்டு அகராதி இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் அனுப்பலாம். அனுப்பியதெல்லாம் ஏறிவிடாது. ஏறிவிட்டாலோ, அந்தப் பேரகராதி எடுப்பதில்லை. வழக்கொழிந்தால் ‘வழக்கில் இல்லை’ என்று குறி போட்டு வைத்திருப்பார்கள்.