தறிச் சத்தத்துக்கு நடுவில் வீடியோ கால் இன்டர்வியூவுக்கு எப்படித் தயாராவது?

கேள்வி: பல்லடம் பக்கம் வீடு, ஒட்டினாற்போலத் தறிக்குடோன். அடுத்த வாரம் பெங்களூரு கம்பெனியோடு ஜூமில் இன்டர்வியூ. என்னென்ன பார்த்து வைக்க வேண்டும்?

பதில்: முகம் கொஞ்சம் மங்கலாகத் தெரிந்தால் பொறுத்துக்கொள்வார்கள். பேச்சு கேட்காவிட்டால் மூன்றாவது கேள்விக்குள் அவர்களுக்கு அலுப்புத் தட்டிவிடும். அதனால் முதலில் சத்தத்தைக் கவனியுங்கள்.

லேப்டாப் மைக் வாயிலிருந்து 60 செ.மீ. தள்ளி இருக்கும், வயர் இயர்போன் மைக் 15 செ.மீ.யில் வந்துவிடும். தூரம் நாலில் ஒரு பங்கானால் உங்கள் குரல் ஏறத்தாழ 12 டெசிபல் கூடுதலாகப் பதியும். தறிச் சத்தம் இருந்த அளவிலேயே நிற்கும். சாதாரண இயர்போன் செய்கிற இந்த வேலையை எந்த செட்டிங்கும் செய்யாது. மைக் சட்டைக் காலரில் உரசினால் மட்டும் கரகரக்கும், விலக்கி வையுங்கள். புளூடூத் வேண்டாம்: மைக் ஆன் ஆனதும் பல ஹெட்செட்டுகளில் ஒலி போன்கால் தரத்துக்கு இறங்கிவிடும்.

ஜூம் ஆடியோ செட்டிங்கில் பின்னணி இரைச்சலைக் குறைக்கும் வசதி உண்டு. ஃபேன் மாதிரி சீரான இரைச்சலை நன்றாக அமுக்கும். தறி அப்படியல்லவே, அடித்து அடித்து வருகிற சத்தம். 'ஹை'யில் வைத்தால் தறியோடு சேர்த்து உங்கள் சொல்லின் கடைசி எழுத்துகளையும் விழுங்கக்கூடும். 'மீடிய'த்தில் வைத்து ஒரு நிமிடம் ரெக்கார்ட் செய்து கேளுங்கள், தறி ஓடும்போதே. லீவு நாளில் சோதித்துப் பார்த்துவிட்டு நிம்மதியாக இருந்துவிடாதீர்கள்.

குடோன் சுவரை ஒட்டாத அறையாகப் பாருங்கள். டைல்ஸ் போட்ட வெறும் ஆசாரம் (ஹால்) பார்க்க அழகுதான். பேசினால் கிணற்றுக்குள்ளிருந்து கேட்கும். கட்டிலும் மெத்தையும் உள்ள அறை நல்லது. தரையில் பவானி ஜமுக்காளம் விரித்து, உங்களுக்கு எதிர்ச் சுவரில் கனமான போர்வை தொங்கவிட்டால் எதிரொலி குறையும். கேமராவில் அந்தப் பக்கம் தெரியாது.

அடுத்தது கரண்ட். மாதாந்திரப் பராமரிப்பு என்றால் பெரும்பாலும் காலையிலிருந்து மாலை வரை வராது. எந்தெந்த ஊர் என்று முந்தின நாள் பேப்பரில் போடுவார்கள். உங்கள் துணைமின் நிலையத்தின் பெயரைத் தெரிந்து வைத்துக்கொள்ளுங்கள். ரூட்டருக்கென்றே சின்ன யுபிஎஸ் கிடைக்கிறது. பெரும்பாலான ரூட்டர் 12 வோல்ட், ஆனாலும் அடாப்டரில் எழுதியிருக்கும் வோல்ட், ஆம்பியர் இரண்டையும் பார்த்தே வாங்குங்கள். ஃபைபர் பெட்டி தனியாக இருந்தால் அதற்கும் வேண்டும். லோக்கல் கேபிள்காரர் லைனில் இன்னொரு வம்பு: அவர் வழியில் வைத்திருக்கும் பெட்டிக்குக் கரண்ட் போனால் உங்கள் வீட்டில் ரூட்டர் லைட் எரிந்தும் நெட் வராது. எனவே வேறு கம்பெனி சிம் உள்ள போன் ஒன்று தயாராக இருக்கட்டும். அதை யுஎஸ்பி வயரில் இணைத்து நெட் எடுத்தால் வைஃபை ஹாட்ஸ்பாட்டைவிட நிலையாக வரும், போனும் சார்ஜ் ஏறும். ஒருவரோடு ஒருவர் பேசும் 720பி வீடியோவுக்கு ஜூம் கேட்பது 1.2 எம்பிபிஎஸ்தான், சோதிக்கும்போது டவுன்லோடைப் பார்த்து மகிழாமல் அப்லோடைப் பாருங்கள்.

ஜன்னல் முகத்துக்கு எதிரே, முதுகுக்குப் பின்னால் அல்ல. கேமரா கண் மட்டத்துக்கு வரும்வரை லேப்டாப்புக்கு அடியில் புத்தகம் அடுக்குங்கள். குறிப்பு வேண்டுமானால் கேமராவுக்குக் கீழே துண்டுச் சீட்டில் ஐந்தாறு சொற்கள் போதும். முழு வாக்கியமாக எழுதிப் படித்தால் கண் இடமும் வலமும் ஓடுவது எதிரே இருப்பவருக்கு அப்படியே தெரியும். ஸ்கிரீன் ஷேர் கேட்கக்கூடும், வாட்ஸ்அப் வெப்பை மூடிவிடுங்கள்.

ஹெச்ஆர் நம்பரைக் காகிதத்தில் எழுதிப் பக்கத்தில் வையுங்கள். லைன் அறுந்தால் அதே லிங்கில் மறுபடி நுழையுங்கள். இரண்டு நிமிடத்தில் முடியவில்லையென்றால் போன் போடுங்கள். திரும்ப வந்ததும் கரண்டுக் கதை வேண்டாம், "சாரி சார், விட்ட இடத்திலிருந்து சொல்கிறேன்" என்று பதிலைத் தொடருங்கள்.